இலவச நாப்கின்: சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி இது: “எங்கள் பள்ளியிலும், நூலகம், பேருந்து நிலையம் போன்ற பொது இடங்களிலும் மாதவிடாய்ப் பொருட்கள் இலவசமாகக் கிடைக்க ஏற்பாடு செய்ய விரும்புகிறோம். ஓரளவு பணம் திரட்டிவிடலாம். ஆனால் ஏற்கெனவே இலவசமாகக் கொடுக்கும் இடங்களிலேயே பெண்கள் வாங்கிக்கொள்வதில்லை என்கிறார்கள். அது ஏன்? நாங்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும்?”

பள்ளிச் சுகாதாரப் பணியில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். இத்தகைய திட்டங்களில் பணம் இல்லாமல் நின்றுபோனவற்றைவிட, பொருள் இருந்தும் கைக்கு எட்டாமல் நின்றுபோனவைதான் அதிகம். அதனால் பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் கவனிக்க வேண்டியது, நாப்கின் எந்த இடத்தில் இருக்கிறது, அதை எடுக்க யாரிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான்.

ஒரு பள்ளியில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆசிரியர் அறையில் ஓர் இரும்பு அலமாரி. உள்ளே நல்ல தரமான நாப்கின் கட்டுகள், பிரிக்காத அட்டைப்பெட்டியிலேயே அடுக்கியிருந்தன. அலமாரிக் கதவில் ஒரு பதிவேட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பெயர், வகுப்பு, தேதி, எண்ணிக்கை, கையொப்பம் என்று ஐந்து பத்திகள். கடைசியாக ஒருவர் கையெழுத்திட்டு மாதங்கள் ஆகியிருந்தன. “பிள்ளைகளுக்குத் தேவைப்படவில்லை போலிருக்கிறது” என்றார் பொறுப்பாசிரியை. அவர் பொய் சொல்லவில்லை, பதிவேடு அப்படித்தான் காட்டியது.

அந்தப் பள்ளியில் ஒரு மாணவி நாப்கின் வாங்க என்னென்ன செய்ய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வகுப்பின் நடுவே எழுந்து நின்று வெளியே போக அனுமதி கேட்க வேண்டும். கேட்பது பெரும்பாலும் ஓர் ஆண் ஆசிரியரிடம், முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பிறகு ஆசிரியர் அறைக்குப் போக வேண்டும். சாவி வைத்திருப்பவர் வேறு வகுப்பில் இருந்தால் அங்கே போய்க் கதவைத் தட்ட வேண்டும். பதிவேட்டில் தன் பெயரை எழுத வேண்டும், மற்றவர்கள் பெயருக்குக் கீழே, எல்லாரும் படிக்கும்படி. கையில் வாங்கியதை மறைத்துக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நடந்து கழிப்பறைக்குப் போக வேண்டும். இவ்வளவும் உடையில் கறை பட்டுவிட்டதோ என்ற பதைப்போடு. இதற்குப் பதில் தோழியிடம் காதோடு கேட்பாள், இல்லாவிட்டால் நோட்டுத் தாளை மடித்து வைத்துக்கொள்வாள், அதுவும் முடியாதபோது வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்குப் போவாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே என்பார்கள். இங்கே பூசாரி கெட்டவர்கூட இல்லை. பொருள் வீணாகக் கூடாது என்று பொறுப்பாகப் பூட்டி வைத்தவர், அவ்வளவுதான்.

“முன்கூட்டியே பையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே” என்று கேட்பவர்கள் உண்டு. வளர்ந்த பெண்ணுக்கு அது ஓரளவு பொருந்தலாம். பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்காக இருக்காது. வளரிளம் பருவத்தில் 21 நாளிலும் வரலாம், 45 நாள் கழித்தும் வரலாம், இரண்டும் இயல்பே. தேதி பார்த்துத் தயாராக இருப்பது அவளால் முடியாத காரியம். முதல் மாதவிடாயே பள்ளியில் வைத்து வருவதும் அரிதன்று. பெரும்பாலோருக்கு அது 12 வயதையொட்டி வருகிறது, சிலருக்கு 8, 9 வயதிலேயே வந்துவிடும். எனவே தொடக்கப் பள்ளிக் கழிப்பறையிலும் நாப்கின் இருக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளிகளை மட்டும் கணக்கில் எடுக்கும் திட்டங்கள், உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் சின்னப் பெண்ணை விட்டுவிடுகின்றன.

ஆகவே என் முதல் பரிந்துரை: நாப்கினைக் கழிப்பறைக்குள் வையுங்கள், பூட்டில்லாமல், பதிவேடில்லாமல், யாரையும் கேட்காமல் எடுக்கும்படி. இதைச் செய்ய முடியாவிட்டால் மற்ற எதைச் செய்தும் பெரிய பயன் இல்லை.

கழிப்பறைக்குள் என்றால் எங்கே? தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் பலருக்கும் தேவையே தெரியவருகிறது. அந்தக் கோணத்தில் பார்த்தால் ஒவ்வொரு தடுப்பறைக்குள்ளும் ஒரு சிறு பெட்டி இருப்பதே சிறந்தது. ஆனால் தடுப்பறை ஈரமாக இருக்கும். தண்ணீர் தெறித்தால் நாப்கின் உப்பி வீணாகும், ஈரப்பதத்தில் பூஞ்சையும் பிடிக்கும். பத்துத் தடுப்பறை இருந்தால் பத்துப் பெட்டியை நிரப்பவும் வேண்டும். அதனால் கைகழுவும் இடத்துக்கு அருகில், குழாயிலிருந்து சற்றுத் தள்ளி, மூடியுள்ள பெரிய பெட்டி ஒன்றை வைத்து, தடுப்பறைகளுக்குள் இரண்டிரண்டு மட்டும் கொள்ளும் சிறு உறைகளைத் தொங்கவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். தனித்தனி உறையிட்ட நாப்கின்களையே வாங்குங்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் பெட்டி இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனிக் கழிப்பறையிலும் ஒன்று வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். ஆண், பெண் என்று குறிக்காமல் யாரும் பயன்படுத்தும் தனிக் கழிப்பறை இருந்தால் அங்கேயும் வையுங்கள். திருநம்பி மாணவர்களில் மாதவிடாய் வருபவர்கள் உண்டு, அவர்களால் இதைப் போய் யாரிடமும் கேட்க முடியாது.

இந்த இடத்தில் நிர்வாகத்திலிருந்து எழும் மறுப்பு எப்போதும் ஒன்றுதான்: “திறந்து வைத்தால் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.” முதல் சில வாரங்களில் அப்படித்தான் நடக்கும், அதை மறைக்க வேண்டாம். நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்று தெரியாதபோது யாரும் இன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்வார்கள். பெட்டி என்றைக்கும் நிரம்பியே இருக்கும் என்று நம்பிக்கை வந்ததும் எடுப்பது தானாக ஒரு நிலைக்கு வந்துவிடும். முதல் வார வேகத்தைப் பார்த்துப் பயந்து பெட்டியைப் பூட்டினால் அந்த நம்பிக்கை வரவே வராது. இன்னொன்றும் உண்டு. ஒரு மாணவி நான்கைந்தை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்றால், வீட்டில் இல்லை என்று பொருள். அக்காவுக்கோ அம்மாவுக்கோ கொண்டுபோகிறாள் என்றாலும் அதே பொருள்தான். திட்டம் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களைத்தான் போய்ச் சேர்கிறது. இதற்குத் திருட்டு என்று பெயர் வைப்பது எனக்கு ஏற்புடையதன்று.

நாணயம் போட்டாலோ பொத்தானை அழுத்தினாலோ ஒன்று மட்டும் விழும் இயந்திரங்களைப் பற்றியும் கேட்பீர்கள். திறப்பு விழாவுக்கும் புகைப்படத்துக்கும் அவை நன்றாக இருக்கும். பிறகு சுருள் சிக்கிக்கொள்ளும், மின்சாரம் இருக்காது, விற்ற நிறுவனம் பழுது பார்க்க வராது, அதில் பொருந்தும் அளவு நாப்கினை அவர்களிடமே வாங்க வேண்டியிருக்கும். இலவசம் என்று அறிவித்துவிட்டு, நாணயத்துக்குப் பதில் இயந்திரத்தில் போடும் சில்லு (டோக்கன்) கொடுத்து எடுக்கச் சொன்ன இடத்தையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சில்லு யாரிடம் இருந்தது? அலுவலகத்தில். ஆள் நடமாட்டம் மிக அதிகமுள்ள, கண்காணிப்பே இல்லாத பொதுக் கழிப்பறையில் இயந்திரத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. பள்ளிக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும்.

எத்தனை வேண்டும் என்ற கணக்கைப் பெரும்பாலோர் போடுவதே இல்லை. போட்டுப் பார்ப்போம். மாதவிடாய் வயதில் 500 மாணவிகள் உள்ள பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழற்சி 28 நாள், உதிரப்போக்கு 5 நாள் என்ற சராசரிப்படி, எந்த நாளை எடுத்தாலும் ஏறக்குறைய 90 பேருக்கு மாதவிடாய் நடந்துகொண்டிருக்கும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்பதால் பள்ளி நேரத்தில் ஒருவருக்கு 2 நாப்கின். ஆக நாளுக்கு 180. ஆண்டுக்கு 200 வேலைநாள் என்றால் 36,000. இது உச்சவரம்பு. வீட்டிலிருந்து கொண்டுவருபவர்கள் பலர் இருப்பதால் உண்மையான பயன்பாடு இதற்குக் கீழேதான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, பெட்டி காலியாகும் வேகத்தைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் உச்சவரம்பு எவ்வளவு என்று தெரியாமல் தொடங்கக் கூடாது.

வீட்டுக்கும் சேர்த்துக் கொடுப்பதென்றால் கணக்கு வேறு. ஒரு சுழற்சிக்கு 5 நாள், நாளுக்கு 4 வீதம் 20. ஆண்டுக்கு 13 சுழற்சி, 260 நாப்கின். மாதம் ஆறோ எட்டோ உள்ள ஒரு கட்டைக் கொடுத்துவிட்டு “எல்லாருக்கும் வழங்கிவிட்டோம்” என்று அறிக்கை எழுதுவது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்த எட்டை வைத்து ஐந்து நாளை ஓட்டப் பார்க்கும் பெண், ஒரே நாப்கினை நாள் முழுக்க வைத்திருப்பாள். தோல் புண்ணாகும், நாற்றம் பற்றிய அச்சத்தில் வகுப்பில் ஒதுங்கி உட்காருவாள். போதிய எண்ணிக்கை கொடுக்க வசதி இல்லையென்றால், எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கிடுவதைவிட, கழிப்பறைப் பெட்டியை என்றும் காலியாகாமல் வைத்திருப்பதற்கு முன்னுரிமை கொடுங்கள் என்பேன்.

பெட்டியை யார் நிரப்புவது? முழுத் திட்டமும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது அல்லது விழுகிறது. ஆர்வமுள்ள ஆசிரியை ஒருவர் நிரப்புவார், அவர் மாற்றலாகிப் போனதும் பெட்டியில் சிலந்தி வலை பின்னும். மாணவிகள் குழுவிடம் விட்டால் தேர்வுக் காலத்தில் மறந்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நான் பார்த்தவரை நீடித்தது ஒரே ஏற்பாடுதான். கழிப்பறையைச் சுத்தம் செய்பவர் சோப்பு, கழிப்பறைத் தாள் ஆகியவற்றை வைக்கும்போதே நாப்கினையும் வைப்பது. அதை அவருடைய பணி ஒப்பந்தத்தில் எழுத்தில் சேர்க்க வேண்டும், அதற்கான நேரத்துக்குக் கூலியும் சேர்க்க வேண்டும். “கூடவே இதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் நடக்காது. துப்புரவுப் பணியாளருக்கு இருப்பறையின் சாவி இருக்க வேண்டும், இருப்பு எவ்வளவுக்குக் கீழே போனால் யாரிடம் சொல்ல வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

அவரைப் பற்றிப் பேசும்போது அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். நாப்கின் கொடுக்கும் திட்டம், பயன்படுத்திய நாப்கினைச் சேகரிக்கும் திட்டமாகவும் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இணைந்து 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலக அளவில் பெண்கள் கழிப்பறையில் மாதவிடாய்க் கழிவுக்கான குப்பைக்கூடை உள்ள பள்ளிகள் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. கூடை இல்லாத இடத்தில் நாப்கின் எங்கே போகும்? கழிப்பறைக் கோப்பைக்குள். உள்ளே உள்ள உறிஞ்சும் பொருள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்து வீங்கி, குழாயை அடைத்துக்கொள்ளும். பின்பக்கம் பிளாஸ்டிக் என்பதால் கரையவும் கரையாது. ஒரு மாதத்தில் கழிப்பறை பாழாகும், பழி நாப்கின் திட்டத்தின் மேல் விழும், திட்டம் நிறுத்தப்படும். இந்த வரிசை மாறாமல் நடப்பதைக் கண்டிருக்கிறேன்.

கூடை தடுப்பறைக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே பொது இடத்தில் அன்று. மூடி வேண்டும், காலால் அழுத்தித் திறப்பதாக இருந்தால் நல்லது. சுற்றிப் போடத் தாள் உறைகள் பக்கத்தில் இருக்கட்டும். அள்ளுபவருக்குக் கையுறை கொடுங்கள், உள்ளே பை போட்ட கூடையாக இருந்தால் அவர் எதையும் நேரடியாகத் தொட வேண்டியிராது. சுவரில் மாட்டும் சின்ன மின் எரிப்பான்களை விற்பனையாளர்கள் கையோடு கொண்டுவருவார்கள், அவசரப்பட வேண்டாம். பிளாஸ்டிக் கலந்த கழிவைக் குறைந்த வெப்பத்தில் எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுப் பொருட்கள் உருவாகும். 800 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பமும், உயரமான புகைபோக்கியும் இல்லாத எரிப்பான், அந்தப் புகையைப் பிள்ளைகள் மூக்குக்கே திருப்பி அனுப்புகிறது. பிரித்துச் சேகரித்து, முறையாகக் கழிவை அகற்றும் அமைப்பிடம் ஒப்படைப்பதே மேல்.

என்ன பொருள் வைப்பது என்று நீண்ட விவாதம் நடக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிக் கழிப்பறையில் அடிப்படை நாப்கின்தான், வழக்கமான அளவில் ஒன்றும் அதிக உதிரப்போக்குக்கு ஒன்றுமாக இரண்டு வகை. வாசனை சேர்த்தது வேண்டாம், தோல் எரிச்சல் தரும். டாம்பான் என்பது உடலுக்குள் வைக்கும் உறிஞ்சுபஞ்சு, அதைப் பயன்படுத்துவோர் உள்ள இடத்தில் அதையும் வைக்கலாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைத்திருக்கக் கூடாது, தேவைக்கேற்ற மிகக் குறைந்த உறிஞ்சுதிறன் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையைப் பெட்டியின் மேலேயே ஒட்டுங்கள். டாம்பானை நெடுநேரம் வைத்திருந்தால் கிருமிகளின் நச்சால் வரக்கூடிய நச்சு அதிர்ச்சி நோய்க்குறி அரிதானது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது.

உடலுக்குள் வைத்து உதிரத்தை ஏந்திக்கொள்ளும் மாதவிடாய்க் கப் நல்ல பொருள். ஒன்று பத்தாண்டுவரை உழைக்கும். 2019-இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, கசிவைப் பொறுத்தவரை அது நாப்கினுக்கும் டாம்பானுக்கும் இளைத்ததன்று என்று காட்டியது. ஆனால் பழக நாளாகும், கழுவத் தனியிடமும் சுத்தமான நீரும் வேண்டும், சுழற்சி முடிந்ததும் கொதிக்கவைக்க வேண்டும். விரும்பிக் கேட்பவருக்குக் கொடுப்பதற்கு ஏற்றது, அவசரத்துக்குக் கழிப்பறைப் பெட்டியில் வைப்பதற்கு ஏற்றதன்று. ஸ்பெயினின் கட்டலோனியா மாநிலம் 2024 முதல் மருந்தகங்கள் வழியாகக் கப், துணி நாப்கின், மாதவிடாய் உள்ளாடை ஆகியவற்றில் ஒன்றை இலவசமாகத் தருகிறது. மறுபயன்பாட்டுப் பொருளைக் கொடுக்க மருந்தகம் பொருத்தமான இடம், கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியும். இதில் ஒரு வகையைத் திணிப்பதுதான் தவறு. சுற்றுச்சூழல் ஆர்வத்தில் துணி நாப்கின் மட்டும் கொடுத்தார்கள் என்றால், துவைத்து வெயிலில் உலர்த்த மறைவிடம் இல்லாத பெண் அதை ஈரத்தோடு கட்டிக்கொள்வாள்.

இப்போது ஒரு கசப்பான செய்தி. நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் “நாப்கின் கொடுத்தால் வருகைப்பதிவு உயரும்” என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நீங்கள் எழுதாதீர்கள், அல்லது மிகக் கவனமாக எழுதுங்கள். எமிலி ஆஸ்டர், ரெபெக்கா தார்ன்டன் என்ற இரு பொருளியலாளர்கள் நேபாளத்தில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மாணவிகளுக்குக் கப் கொடுத்துப் பார்த்தார்கள். வருகைப்பதிவில் மாற்றமே இல்லை. மாதவிடாயால் அவர்கள் விடுப்பு எடுத்ததே ஆண்டுக்கு ஒரு நாள்கூடத் தேறவில்லை. உகாண்டாவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு வேறுவிதமாகச் சொன்னது: எதுவும் கொடுக்காத பள்ளிகளில் வருகை கூடுதலாகச் சரிந்தது. ஆனால் அங்கேயும், நாப்கின் கொடுத்த பள்ளிகளோடு பருவமாற்றம் பற்றிய பாடம் மட்டும் நடத்திய பள்ளிகளும் சரிவிலிருந்து தப்பின.

இதை வைத்து நாப்கின் வேண்டாம் என்று முடிவுகட்டுபவர்கள், வகுப்பில் உட்கார்ந்திருப்பதும் பாடம் கவனிப்பதும் ஒன்று என்று நினைக்கிறார்கள். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கரும்பலகைக்கு அழைத்துவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டு இருக்கும் பெண்ணும் வருகைப்பதிவேட்டில் “வந்திருக்கிறாள்”தான். இருமலுக்கு மருந்து கொடுக்கும்போது மதிப்பெண் கூடுமா என்று நாம் கேட்பதில்லை. ஆனால் பொய் வாக்குறுதி கொடுத்துப் பணம் வாங்கினால், அடுத்த ஆண்டு “வருகை உயரவில்லையே” என்று அதே பணத்தை நிறுத்துவார்கள். எதை அளக்க முடியுமோ அதைச் சொல்லுங்கள்: பெட்டி எத்தனை நாள் காலியாக இருந்தது, கூடை எத்தனை நாள் நிரம்பி வழிந்தது, தேவைப்பட்டபோது கிடைத்தது என்று மாணவிகளில் எத்தனை பேர் பெயர் எழுதாத தாளில் எழுதினார்கள். எத்தனை ஆயிரம் நாப்கின் வாங்கினோம் என்ற எண் எதையும் காட்டாது. அலமாரியில் தூங்கியவையும் அந்த எண்ணுக்குள் அடங்கிவிடும்.

உகாண்டா ஆய்வு பாடத்தைப் பற்றிச் சொன்னதை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி வைத்தால் மட்டும் போதாது, வைத்திருப்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும், பையன்களுக்கும். மாணவிகளை மட்டும் தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால், வெளியே நிற்கும் பையன்களுக்கு அது கேலிக்கான பொருளாகிவிடும். உயிரியல் பாடத்தில் எல்லாருக்கும் ஒன்றாகச் சொல்லிவிடலாம். ஆண் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு நெறிமுறை போதும்: கழிப்பறைக்குப் போகக் கேட்டால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள்.

பொது இடங்களுக்கு வருவோம். நூலகம், சமுதாயக் கூடம், மருத்துவமனைக் காத்திருப்புப் பகுதி ஆகியவற்றில் தொடங்குவது எளிது. அங்கே பணியாளர்கள் இருக்கிறார்கள், கழிப்பறை ஓரளவு பராமரிக்கப்படுகிறது. பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் கடினம். கட்டணக் கழிப்பறையாக இருந்தால், ஒப்பந்தக்காரருக்கு உரிமம் கொடுக்கும்போதே நாப்கினும் கூடையும் நிபந்தனையாக இருக்க வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது. வாசலில் தெளிவான அறிவிப்பு வேண்டும். ஸ்காட்லாந்தில் எங்கெங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று வரைபடத்தில் காட்டும் கைப்பேசிச் செயலியே வைத்திருக்கிறார்கள். வீடற்றோர் தங்குமிடம், சிறை, காவல் நிலையம் ஆகியவற்றைப் பட்டியலின் கடைசியில் வைக்காதீர்கள். மற்ற இடங்களில் கிடைக்காவிட்டால் வேறு வழி தேடலாம். அடைபட்டிருப்பவருக்கு வழியே இல்லை, நாப்கின் அங்கே ஒருவர் மீது இன்னொருவர் செலுத்தும் அதிகாரமாகிவிடும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகளில் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதை 2018-இல் சட்டத்தில் எழுதி வைக்க வேண்டியிருந்தது.

சட்டம் என்றதும் எல்லாரும் ஸ்காட்லாந்தைத்தான் காட்டுவார்கள், நானும் அப்படியே. மாதவிடாய்ப் பொருட்கள் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று மோனிகா லெனன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அங்கே கொண்டுவந்த மசோதா 2020 நவம்பர் 24 அன்று எதிர்ப்பின்றி நிறைவேறி, 2022 ஆகஸ்ட் 15 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நாட்டு அளவில் இப்படி ஒரு சட்டம் அதுவே முதல். அதில் எனக்குப் பிடித்தது “இலவசம்” என்ற பகுதியன்று. பொருள் எளிதாகக் கிடைக்க வேண்டும், பெறுபவரின் கண்ணியம் காக்கப்பட வேண்டும், வகைகளில் தேர்வு இருக்க வேண்டும் என்ற மூன்றையும் சட்டமே கேட்கிறது. உள்ளாட்சிகளும் கல்வி நிலையங்களும் பயன்படுத்துவோரைக் கலந்தாலோசித்து, எப்படிச் செய்கிறோம் என்று எழுத்தில் வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. அலமாரியும் பதிவேடும் இந்தச் சட்டத்தின் முன் நிற்காது. ஆனால் அது ஒரே நாளில் வந்ததன்று. 2017-இல் அபர்தீன் நகரில் சிறிய அளவில் முயன்று பார்த்து, 2018-இல் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கு விரித்து, அதற்குப் பிறகே சட்டமானது. நியூசிலாந்தும் வைகாட்டோ பகுதியில் 15 பள்ளிகளில் சோதித்துப் பார்த்த பிறகே 2021-இல் நாடு முழுவதும் கொண்டுபோனது.

கென்யாவின் 2017 கல்வித் திருத்தச் சட்டமும் எழுத்தில் அழகானது. அரசுப் பள்ளியில் பூப்பெய்திய ஒவ்வொரு மாணவிக்கும் இலவசமான, போதுமான, தரமான நாப்கின் என்று மூன்று அடைமொழிகளையும் போட்டு, பாதுகாப்பான கழிவகற்றலையும் சேர்த்தது. ஆனால் வரத்து ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் நிதியை நம்பியிருந்ததால் “போதுமான” என்ற சொல் நடைமுறையில் தடுமாறியது. சட்டத்துக்காகப் போராடுகிறவர்கள் நிதி எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்பதையும் சேர்த்துப் போராடுங்கள். வரிவிலக்கும் நல்லதுதான். கென்யா 2004-லேயே செய்தது, இந்தியா 2018-இல், பிரிட்டன் 2021-இல். ஆனால் வாங்கவே காசில்லாதவருக்கு வரி குறைந்து பெரிய பயன் இல்லை.

ஏழை மாணவிகளுக்கு மட்டும் கொடுக்கலாமே, செலவு குறையுமே என்ற யோசனை உங்கள் கூட்டத்திலும் நிச்சயம் வரும். அப்படிச் செய்தால் பட்டியல் வேண்டும், பட்டியல் இருந்தால் பதிவேடு வேண்டும், பதிவேடு இருந்தால் சாவி வேண்டும், மீண்டும் அந்த அலமாரிதான். வசதியான வீட்டுப் பெண்ணுக்கும் திடீரென்று வரும். எல்லாரும் எடுக்கும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதுதான் இல்லாதவள் யார் என்று தெரியாமல் இருக்கும்.

கடைசியாகப் பணம். நன்கொடையில் தொடங்கலாம், நன்கொடையில் ஓட்ட முடியாது. மே 28, மாதவிடாய்ச் சுகாதார நாளையொட்டிக் கட்டுக் கட்டாகக் குவியும், வெவ்வேறு அளவிலும் தரத்திலும். நவம்பரில் பெட்டி காலியாக இருக்கும். சோப்பும் விளக்கும் எந்தக் கணக்கில் வாங்கப்படுகின்றனவோ அதே பராமரிப்புக் கணக்கில் நாப்கினையும் சேர்க்க நிர்வாகத்திடம் கேளுங்கள். நன்கொடையை முதல் இரண்டு மாதச் சோதனைக்கும், பெட்டி, கூடை போன்ற ஒருமுறைச் செலவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தளத்தில் ஒரு கழிப்பறையில் தொடங்கி, தினமும் காலையில் எத்தனை குறைந்திருக்கிறது என்று சுத்தம் செய்பவரையே எண்ணச் சொல்லுங்கள், யார் எடுத்தார்கள் என்று எழுத வேண்டாம். அந்த எண்ணை வைத்து ஆண்டுக் கொள்முதலைக் கேட்டால் நிர்வாகத்தால் எளிதில் மறுக்க முடியாது. கொள்முதல் ஒப்பந்தத்தில் உறிஞ்சுதிறனையும் தனி உறையையும் எழுதுங்கள். விலை மட்டும் பார்த்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காத சரக்கு வந்து சேரும், மாணவிகள் அதைத் தொட மாட்டார்கள். ஒப்பந்தத்துக்கு முன்னால் மாதிரிகளை அவர்களிடமே கொடுத்துக் கேட்டுவிடுங்கள். நீண்ட விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் பெட்டியை இரண்டு மடங்கு நிரப்பி, வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று அறிவிப்பு ஒட்டுங்கள். அந்தக் கூடுதல் இருப்பை முன்கூட்டியே ஆர்டரில் சேர்த்துவிட வேண்டும், கடைசி வாரத்தில் கேட்டால் வராது.